எரிந்த மலைக்குக் கீழே



காட்டுத்தீ அணைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த மறுநாளே செய்தியாளர்கள் அந்த ஊரிலிருந்து கிளம்பிவிடுவார்கள். எங்கள் தொழிலின் வழக்கம் அப்படி. தீ படத்துக்கு எடுப்பாக இருக்கும். சாம்பலை யார் பார்ப்பார்கள்? ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கவலை அன்றுதான் ஆரம்பிக்கிறது. அண்ணாந்து பார்த்தால் மலை கறுப்பாக நிற்கிறது. மேகம் கூடினால் வயிறு கலங்குகிறது. போன வருடம் இதே மழையை 'நல்ல மழை' என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்தவர்கள், இந்த வருடம் கார் சாவியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறார்கள்.

இந்த மாதம் என் பக்கத்தை அந்த மழைக்கு ஒதுக்கியிருக்கிறேன். சரியாகச் சொன்னால், அந்த மழை வருவதற்குள் எத்தனை அரசு அலுவலகங்கள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு. 'அலுவலகங்களைப் பற்றியா, ஐயையோ' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களில் பலருடைய மகனோ மகளோ கலிஃபோர்னியாவிலோ அரிசோனாவிலோ இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் வீடு பார்த்துக்கொண்டும் இருக்கலாம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் கிளம்பியபோது இங்கே எத்தனை வீடுகளில் ராத்திரி முழுக்க ஃபோன் கையை விட்டு இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிப்ரவரி 13-ஆம் தேதி அதே எரிந்த மலையிலிருந்து சேறு இறங்கியபோது அநேகமாக யாரும் ஃபோன் செய்திருக்க மாட்டோம். பசிபிக் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்த தீயணைப்புத் துறை ஊழியர் ஒருவரை அந்தச் சேறு காரோடு கடலுக்குள் தள்ளிவிட்டது. அவர் தப்பிக் கரையேறினார்.

மண் ஏன் தண்ணீரைக் குடிக்க மறுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பசேலென்று இருக்கும் மலையில் மழையின் அடியை இலை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டி வருவதைச் சருகு மெத்தை தாங்கும். மிச்சத்தை வேர்கள் போட்ட வழிகளில் மண் உள்ளே இழுத்துக்கொள்ளும். தீ வந்தால் இவை எல்லாமே போய்விடும். போதாததற்கு, கலிஃபோர்னியா மலைகளில் மண்டிக் கிடக்கும் சாப்பரல் புதர்களின் இலைகளில் மெழுகும் எண்ணெயும் அதிகம். எரியும்போது அவை ஆவியாகி மண்ணுக்குள் இறங்குகின்றன. கொஞ்சம் கீழே, சூடு குறைந்த இடத்தில், மண்துகள்களின் மேல் படலமாகப் படிந்துவிடுகின்றன. அப்புறம் அந்த மண்ணில் விழும் நீர் சேம்பு இலையில் விழுந்த மாதிரிதான், உருண்டு ஓடிவிடும். ஓடும் நீர் சாம்பலை அள்ளுகிறது, சாம்பலோடு மண், மண்ணோடு கல், கல்லோடு கருகிய மரம். அடிவாரத்துக்கு வரும்போது அதை வெள்ளம் என்று சொல்ல முடியாது. ஈரக் கான்கிரீட்டின் அடர்த்தியில், கார் அளவுப் பாறைகளைச் சுமந்துகொண்டு வருகிறது.

இதற்குப் பெரிய புயல் எதுவும் தேவையில்லை. நாள் முழுக்கப் பெய்கிற மழையைவிடக் கால் மணி நேரம் கொட்டும் மழைதான் இங்கே ஆபத்து. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பெரிய தீ பலவற்றுக்குப் பிறகு எந்த ஓடையில் சேற்று வெள்ளம் வரக்கூடும் என்று வரைபடம் போட்டுத் தருகிறது. அதற்கு அவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மழை, மணிக்கு 24 மி.மீ. வேகத்தில் 15 நிமிடம். மொத்தம் 6 மி.மீ.! அப்படி ஒரு மழைக்கு நாம் டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டு, விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

ஆக, இது சொல்லாமல் வருகிற பேரிடர் அல்ல. எந்த மலை எரிந்தது என்று தெரியும். எந்த ஓடை என்று தெரியும். எந்தப் பருவத்தில் மழை வரும் என்றும் ஏறக்குறைய தெரியும். பூகம்பத்தில் இந்த வசதி ஏது? இவ்வளவு தெரிந்தும் மனிதர்கள் சாகிறார்கள் என்றால், தெரிந்ததெல்லாம் ஒரே மேஜைக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

மான்டெசிட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். சான்டா பார்பராவுக்குப் பக்கத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய ஊர். ஹாலிவுட் பிரபலங்கள் பலருக்கு அங்கே வீடு உண்டு. 2017 டிசம்பர் 4 அன்று கிளம்பிய தாமஸ் தீ கிட்டத்தட்ட 2,82,000 ஏக்கரை எரித்தது. கலிஃபோர்னியாவின் நவீன வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய தீ வந்ததில்லை. ஊர்க்காரர்கள் நாள் கணக்கில் வீட்டை விட்டு வெளியே இருந்து, கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் திரும்பி வந்தார்கள். தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது 2018 ஜனவரி 12. சேறு வந்ததோ ஜனவரி 9, விடிவதற்கு முன்பு. தீ கணக்கில் இன்னும் முடியவே இல்லை, வெள்ளம் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக மழை. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பையனின் உடலும் ஒரு குழந்தையின் உடலும் அப்போது கிடைக்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மாநிலத்தின் முதுகெலும்பான 101-ஆம் நெடுஞ்சாலை சேற்றில் புதைந்து ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிக் கிடந்தது.

அதிகாரிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இந்தச் சம்பவத்தில் மனதை உறுத்துவதே அதுதான். வனத்துறையின் குழுவும் மாநிலத்தின் குழுவும் எரிந்த மலையை முன்கூட்டியே ஆராய்ந்திருந்தன. அபாய வரைபடம் தயாராக இருந்தது. தேசிய வானிலை சேவை பல நாள் முன்பே எச்சரித்தது. 1964-இல் கொயோட்டி தீக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை ஓடைகளின் குறுக்கே, சேற்றையும் பாறையையும் பிடித்து நிறுத்தக் கட்டிய சகதிக் குளங்களைக் கவுண்டி அவசர அவசரமாகத் தூர்வாரி வைத்திருந்தது. (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம்.) ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்தார்கள்.

பிறகு எங்கே வழுக்கியது? வெளியேற்ற வரைபடத்தில். 192-ஆம் சாலைக்கு வடக்கே, மலைப்பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும்; தெற்கே இருப்பவர்கள் விருப்பப்பட்டால் வெளியேறலாம் என்று பெரும்பாலும் அந்தச் சாலையையே கோடாக வைத்துப் பிரித்தார்கள். சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. ஓடைகள் வடக்கிலிருந்து தெற்காக, அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. சேறு ஓடையோடு வந்தது. 'விருப்பப்பட்டால்' பகுதியில் நிறைய வீடுகள் அடித்துக்கொண்டு போயின. நாள் கணக்கில் வெளியே இருந்துவிட்டு அப்போதுதான் பெட்டியைப் பிரித்தவர்களிடம் 'விருப்பப்பட்டால் போங்கள்' என்றால் யார் போவார்கள்? கைபேசிகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அலற வைக்கும் அவசரச் செய்தியைக் கவுண்டி அனுப்பியபோது சேறு ஏற்கெனவே ஊருக்குள் வந்திருந்தது.

வானிலை சேவைக்கு மழையைச் சொல்லத் தெரியும். யாரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் இருக்கிறது. அவருக்கு ஓடையின் கொள்ளளவு தெரியாது. கொள்ளளவு தெரிந்தவர் வெள்ளக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். எரிந்த மண்ணின் தன்மை அவருடைய பாடம் அல்ல. அதைத் தெரிந்தவர்கள் வனத்துறைக் குழுவினர். அவர்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டு அடுத்த தீக்குப் போயிருப்பார்கள். இந்த நாலு பேரையும் மழைக்கு முதல் நாள் சந்திக்க வைத்துப் பயனில்லை. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரிய வேண்டுமென்றால் முன்பே பழகியிருக்க வேண்டும்.

மான்டெசிட்டோ பாடம் படித்தது என்பதையும் சொல்ல வேண்டும். கவுண்டி அந்த 'விருப்ப வெளியேற்றம்' என்ற வார்த்தையையே தூக்கி எறிந்தது. வரைபடத்தைச் சாலையை வைத்து வரையாமல், சேறு ஓடிய தடத்தையும் பாறை உருண்ட தூரத்தையும் வைத்துத் திரும்ப வரைந்தார்கள். சான் இசிட்ரோ ஓடைக்கரையில், ராண்டல் சாலையில், வீடிழந்தவர்களின் மனைகளைக் கவுண்டி வாங்கியது. அந்த யோசனையைக் கொண்டு வந்தவர்களே அங்கே குடியிருந்தவர்கள்தான். ஃபெமா எனப்படும் கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் நிதியும் சேர்ந்து, அந்த இடத்தில் புதிதாக ஒரு பெரிய சகதிக் குளம் 2022-இல் தயாரானது. மறு ஆண்டு, 2023 ஜனவரி 9 அன்று, அதே தேதியில் மறுபடி பெருமழை. இந்த முறை சாலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை. மான்டெசிட்டோ முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். குளங்கள் நிரம்பின. ஊர் தப்பியது.

இத்தனை பேரை ஒரே இடத்தில் உட்கார வைப்பது ஏன் இவ்வளவு கடினம்? மனிதர்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமே நிலத்தைத் துண்டு போட்டுத்தான் வைத்திருக்கிறது. மலையின் மேல்பாதி தேசிய வனம் என்றால் அது அமெரிக்க வனத்துறையின் சொத்து. தீ ஓய்ந்ததும் மண் ஆய்வாளர், நீரியலாளர், நிலவியலாளர், சாலைப் பொறியாளர், சில சமயம் தொல்லியலாளர் என்று ஒரு குழு மலையேறுகிறது. தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்த ஏழு நாட்களுக்குள் என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கோரிக்கை வைத்துவிட வேண்டும். அரசு இயந்திரத்தில் ஏழு நாள் என்பது மின்னல் வேகம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணத்தைக் கூட்டாட்சி அரசின் நிலத்தில் மட்டும்தான் செலவழிக்கலாம். வன எல்லைக்கு ஒரு அடி வெளியே ஒரு மணல் மூட்டை கூட வைக்க முடியாது. எல்லைக்குக் கீழே தனியார் நிலம். அங்கே வேளாண் துறையைச் சேர்ந்த இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு உதவும். பணிச் செலவில் 75 சதவீதம் வரை அது தரும். மிச்சத்தை உள்ளூர் நிர்வாகம் போட வேண்டும். அதுவும் உள்ளூர் நிர்வாகம் முன்வந்து கேட்டால்தான். மாநில நெடுஞ்சாலைக்குக் கீழே இருக்கும் பாலக்குழாயைத் தொட வேண்டுமென்றால் அது போக்குவரத்துத் துறை. ரயில் பாதை ரயில் நிறுவனத்துடையது. பழங்குடியினர் நிலம் என்றால் அவர்களுடைய அரசு தனி. வெள்ளம் இவ்வளவையும் அரை மணி நேரத்தில் கடந்து போய்விடுகிறது.

இதைக் கொஞ்சமாவது சமாளித்த ஊர் எது என்று தேடினால் என் பார்வை அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில் போய் நிற்கிறது. சுமார் 7,000 அடி உயரத்தில், பாண்டரோசா பைன் காடுகளுக்கு நடுவே, சான் பிரான்சிஸ்கோ சிகரங்களின் அடியில் இருக்கிற ஊர். 2010 ஜூன் 20 அன்று யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து ஷுல்ட்ஸ் தீ கிளம்பியது. 15,000 ஏக்கர். அமெரிக்கக் கணக்கில் இது பெரிய தீயே அல்ல. ஒரு வீடு கூட எரியவில்லை என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். சரியாக ஒரு மாதம். ஜூலை 20 அன்று பருவமழை எரிந்த சரிவில் விழுந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளத்தில் போனாள். டிம்பர்லைன், டோனி பார்க் பகுதிகளில் வீடுகளுக்குள் கறுஞ்சேறு புகுந்தது. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் மலைக்குழாய் உடைந்தது. சேறு புகுந்த வீடுகளில் பல, அரசின் வெள்ள அபாய வரைபடத்துக்கு வெளியே இருந்தவை. அதனால் காப்பீடும் இல்லை. பழைய வரைபடம் பச்சை மலைக்குப் போட்டது. மலை கறுத்தபின் அது வெறும் காகிதம். அந்தத் தீயினாலும் வெள்ளத்தினாலும் ஏற்பட்ட மொத்தச் செலவைப் பிற்பாடு வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தினர் கணக்கிட்டபோது 13 கோடி டாலருக்கும் மேல் வந்தது.

அதற்குப் பிறகு அங்கே செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மலையிலிருந்து இறங்கும் ஓடை சமதளத்தைத் தொடும் இடத்தில் இயல்பாகவே விசிறி மாதிரி விரிந்துவிடும். விரிந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மண்ணையும் கல்லையும் அங்கேயே இறக்கிவைத்துவிட்டு நீர் மட்டும் மெல்லப் போகும். தீக்குப் பிறகு வரும் ஆவேச வெள்ளம் இந்த விசிறியின் நடுவே ஆழமாகப் பள்ளம் பறித்துவிடுகிறது. பிறகு நீர் விரிவதில்லை. பள்ளத்தோடு பாய்ந்து, அந்தப் பள்ளத்தின் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. கீழே கவுண்டி எவ்வளவு அகலமாகக் கால்வாய் வெட்டினாலும் முதல் மழையிலேயே மண் மூடிவிடும். மறுபடி தோண்டு, மறுபடி மூடு.

மருந்து மேலே இருக்கிறது. பள்ளத்தை மூடி விசிறியைத் திரும்ப உருவாக்க வேண்டும். ஆனால் விசிறி இருப்பது வனத்துறை நிலம். கால்வாய் போக வேண்டியது தனியார் மனைகள் வழியாக. ஃப்ளாக்ஸ்டாஃப் இருக்கும் கொக்கொனினோ கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டுப் பிரிவு வடிவமைத்தது; வனத்துறை தன் நிலத்தில் இயந்திரங்களை இறக்க அனுமதித்தது; வேளாண் துறைப் பிரிவின் பணம் வந்தது; கீழே குடியிருப்பவர்கள் தங்கள் மனையில் நீர்வழிக்கு இடம் விட்டு எழுதிக் கொடுத்தார்கள். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். விசிறி இல்லாத கால்வாய் மண்ணால் நிரம்பும். கால்வாய் இல்லாத விசிறியிலிருந்து தெளிந்த நீர் வந்தாலும் அது யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறை வழியாகத்தான் போகும். துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட்டன என்று அறிக்கைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். எனக்கு அதற்குப் பொருள் புரிந்தது இந்த மண்வேலையைப் பற்றிப் படித்தபோதுதான்.

அந்த ஊர் இன்னொன்றும் செய்தது. 2012 நவம்பரில் ஒரு கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். எதற்கு? தேசிய வனத்தில் மண்டிய மரங்களைக் குறைத்து, அடுத்த தீயின் உக்கிரத்தைத் தணிக்க. கூட்டாட்சி அரசின் காட்டுக்கு நகராட்சி வரி கட்டுவதா என்று கேட்கத் தோன்றும். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆதரித்தார்கள். காடு யாருடையதாக இருந்தாலும் வெள்ளம் தங்களுடையது என்று அவர்களுக்கு 2010-லேயே தெரிந்துவிட்டது.

விதி அங்கேயும் விளையாடியது. 2019 ஜூலையில், அந்தத் திட்டத்தின்படி மரம் குறைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த மலையிலேயே, கனரக இயந்திரம் பாறையில் உரசிய தீப்பொறியில் மியூசியம் தீ பிடித்தது. இரண்டாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் ஊருக்கு நேர் மேலே. இந்த முறை கவுண்டியும் நகரமும் தயங்கவில்லை. வெள்ளம் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் வரும் என்று மாதிரி போட்டார்கள். மலையில் மழைமானிகள் வைத்தார்கள். மணல் மூட்டைகள் வீதி வீதியாக அடுக்கினார்கள். காப்பீடு எடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள்.

மழை வரவில்லை! அந்த ஆண்டும் பருவமழை பொய்த்தது, அடுத்த ஆண்டும் பொய்த்தது. இதுதான் எல்லா அரசுகளுக்கும் பெரிய சோதனை. வெள்ளம் வந்தால் தயாராக இல்லை என்று திட்டுவார்கள். வராவிட்டால் பணத்தை வீணடித்தார்கள் என்று திட்டுவார்கள். மூட்டைகளின் சாக்கு வெயிலில் நைந்துபோகும். காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டுமா என்ற கேள்வி வரும். 2021 ஜூலையில் மழை வந்தது. சன்னிசைடு பகுதியின் தெருவில் கார் ஒன்று மிதந்து போகும் காட்சியை உலகமே பார்த்தது. எரிந்து இரண்டு வருடம் கழித்து! எரிந்த மலையில் வெள்ள அபாயம் ஐந்து வருடம் வரை நீடிக்கலாம் என்று ஃபெமா சொல்வதை யாரும் அதுவரை நிஜமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மறு ஆண்டு ஜூனில் பைப்லைன் தீ, பழைய ஷுல்ட்ஸ் தழும்பின் மீதே ஒரு பகுதி ஏறி, 26,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. விசிறி வேலை மறுபடி வேறு ஓடைகளில் ஆரம்பம். ஆனால் இப்போது யாரும் யாருக்கும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒருவர் ஃபோன் எண் இன்னொருவரிடம் இருந்தது. என் கணக்கில் இதற்கு ஒரு கோடி டாலரைவிட மதிப்பு அதிகம்.

இந்த அறிமுகத்தைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாகவே செய்ய முடியுமா என்று யோசித்ததில் பிறந்ததுதான் 'சில்வர் ஜாக்கெட்ஸ்' குழுக்கள். பேரிடர் நடக்கும் இடத்தில் ஃபெமாக்காரர்கள் நீலச் சட்டையில் வருவார்கள், ராணுவப் பொறியாளர்கள் சிவப்பில். எல்லோருக்கும் பொதுவாக வெள்ளி நிறம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நிஜமாகவே வெள்ளிச் சட்டை போடுகிறார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. மாநிலத்துக்கு ஒரு குழு. தீயோ வெள்ளமோ இல்லாத சாதாரண நாட்களிலும் கூடிப் பேசுகிறது. நியூ மெக்சிகோவில் இப்படிப் பல துறைகள் கூடி, எரிந்த ஊர்களுக்கென்றே ஒரு கையேடு தயாரித்தன. அதில் முதல் அறிவுரைகளில் ஒன்று எனக்குப் பிடித்தது: ஊருக்கு ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளரை நியமித்துவிடுங்கள். எந்தத் துறை எதற்குப் பணம் தரும், எந்தப் படிவம், எந்தக் கெடு என்று எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டிவிட வேண்டும். பாவம் அந்த மனிதர்; ஆனால் வேறு வழியில்லை.

கையேடு இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதே மாநிலம் 2022-இல் பதில் சொன்னது. வனத்துறை திட்டமிட்டு வைத்த நெருப்பு கைமீறி, பனிக்காலம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்த இன்னொரு நெருப்போடு சேர்ந்து, ஹெர்மிட்ஸ் பீக் – காஃப் கேன்யன் தீயாகி 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. மாநில வரலாற்றிலேயே பெரியது. சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன லாஸ் வேகஸ் வேறு. இந்த மாநிலத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் குடிப்பது கயினாஸ் ஆற்று நீர். ஆற்றின் தலைமாடு எரிந்துபோனது. மழை வந்ததும் சாம்பலும் சேறும் கலந்த நீரைச் சுத்திகரிப்பு நிலையத்தால் தாங்க முடியவில்லை. ஆற்றிலிருந்து எடுப்பதை நிறுத்தினார்கள். ஜூலை முடிவில் கையிருப்பு இரண்டு மாதத்துக்குக் கூட வராது என்ற நிலையில் ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். வெள்ளம் என்றால் தண்ணீர் அதிகம் என்றுதானே நினைப்போம்? அந்த ஊரில் வெள்ளம் வந்ததால் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. அதே மாதம் டெக்கொலோட்டே பள்ளத்தாக்கில் வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது.

அந்த மலைகளில் 'அசேக்கியா' என்று நூற்றாண்டுகள் பழைய வாய்க்கால்கள் இருக்கின்றன. ஸ்பானியர் காலத்து ஏற்பாடு. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு 'மயோர்தோமோ'. முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டித் தூர்வார வைப்பதும் அவர் பொறுப்பு. சேறு இந்த வாய்க்கால்களை மூடிவிட்டது. மாநிலச் சட்டத்தில் அசேக்கியா என்பது அரசு அமைப்புதான். அதனால் பேரிடர் நிதி கேட்க உரிமை உண்டு. ஆனால் படிவங்கள் நகராட்சிப் பொறியாளர்களுக்கு எழுதப்பட்டவை. மண்வெட்டியும் நினைவாற்றலும் மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்காலைக் காத்த ஒரு விவசாயியிடம், சேதத்துக்கு முந்தைய குறுக்குவெட்டு அளவு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வார்? துறைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் போதாது, ஊரோடும் பேச வேண்டும் என்பதை நான் இங்கேதான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தீ வைத்தது அரசு என்பதால் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது. அது வேறு கதை, நீண்ட கதை.

ருயிடோசோவைப் பற்றிச் சுருக்கமாக. அதே நியூ மெக்சிகோவின் தெற்கே மலைவாசஸ்தலம். 2024 ஜூனில் எரிந்தது. 2025 ஜூலை 8 அன்று ருயிடோசோ ஆற்றின் நீர்மட்டம் ஒரு மணி நேரத்துக்குள் ஏறி 20 அடியைத் தாண்டியது. மூன்று பேர் இறந்தார்கள், இருவர் குழந்தைகள். ஒரு முழு வீடு ஆற்றில் மிதந்து போகும் காட்சியை நீங்கள் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். எச்சரிக்கைகள் இருந்தன, குழுக்கள் இருந்தன, முந்தைய வருட வெள்ளங்களின் அனுபவமும் இருந்தது. ஒருங்கிணைப்பு இருந்தால் யாரும் சாக மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

இனி, அங்கே பிள்ளைகள் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் காப்பீடு பொதுவாக வெள்ளத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் வெள்ளக் காப்பீடு தனி. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு தொடங்கும். ஆனால் கூட்டாட்சி அரசின் நிலத்தில் எரிந்த தீயால் வந்த வெள்ளம் என்றால், அந்தத் தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்த 60 நாட்களுக்குள் காப்பீடு வாங்கியவர்களுக்கு இந்தக் காத்திருப்பிலிருந்து விலக்குக் கிடைக்க வழி இருக்கிறது. சேறாக வரும் வெள்ளத்தையும் அந்தக் காப்பீடு ஏற்கும், நிலச்சரிவை ஏற்காது. இரண்டுக்கும் கோடு எங்கே என்பதில் காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடும். மான்டெசிட்டோ வெள்ளத்துக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் காப்பீட்டு ஆணையர், தீதான் மூலக் காரணம் என்றால் வீட்டுக் காப்பீடே சேற்றுச் சேதத்தை ஏற்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. வீடு வாங்கப் போகிறவர்கள் பள்ளிக்கூடம் எப்படி, கோயில் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பதோடு, மேலே இருக்கும் மலை கடைசியாக எப்போது எரிந்தது என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால் சொல்வார்கள்.

அப்படி ஃபோன் செய்த அனுபவம் உள்ளவர்கள், தீக்குப் பிறகு உங்கள் தெருவுக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், யார் வரவேயில்லை என்று எழுதுங்கள். அடுத்த இதழின் கடிதப் பகுதியில் உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்